லைஃப் முடியப் போற பார்ட்டை இன்னும் 30 மணி நேரம் ஓட்டலாமா? ஒரு டெக்னீஷியன் தம்பிக்குப் பதில்

போன வாரம் வந்த கடிதம் இது. பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார், அதனால கம்பெனி, மெஷின் நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கித் தர்றேன்.

"அண்ணா, நான் ஒரு ஹெலிகாப்டர் சார்ட்டர் கம்பெனில மூணு வருஷமா டெக்னீஷியனா இருக்கேன், மெஷின் பறக்கலாம்னு சைன் பண்றதுக்கான பி1.3 லைசென்ஸுக்கு இன்னும் ரெண்டு மாட்யூல் பாக்கி. இப்ப மலைக்கோவில் சீசன், காலைலேர்ந்து சாயங்காலம் வரை ஷட்டில். ஒரு மெஷின்ல மெயின் ரோட்டர் மாஸ்ட்டுக்கு (மேல சுத்தற இறக்கையைத் தாங்கற தண்டு) 11 மணி நேரம்தான் லைஃப் பாக்கி. புது மாஸ்ட் வர மூணு வாரம் ஆகுமாம். மேனேஜர், 'என்.டி.டி. (உடைக்காம கிராக் தேடற சோதனை) பண்ணியாச்சு, கிராக் இல்ல, பாக்க புதுசு மாதிரி இருக்கு, எல்லாத்துக்கும் 10 பர்சென்ட் எக்ஸ்டென்ஷன் உண்டு, ஒரு 30 மணி நேரம் ஓட்டுவோம், சீசன் முடிஞ்சதும் மாத்திடலாம்'ங்கறார். அது வேணாம்னா ஸ்டோர்ஸ்ல வேற மெஷின்லேர்ந்து கழட்டின மாஸ்ட் ஒண்ணு கிடக்கு, அதைப் போடலாமாம், ஆனா அதோட லாக் கார்டுல பாதி பக்கம் காணோம். இதுக்கு நடுவுல போன மாசம் கியர்பாக்ஸ் சிப் லைட் (ஆயில்ல உலோகத் துகள் வந்தா எரியறது) ஒரு தடவை வந்துச்சு, ஒரே ஒரு துகள், துடைச்சுட்டு மூடிட்டாங்க. நான் சைன் பண்றவன் இல்ல, ஸ்பேனர் பிடிக்கறவன். நான் என்னண்ணா பண்றது?"

தம்பி, முதல் ரெண்டுக்கும் பதில் கூடாதுதான், மூணாவதுக்குப் பதில், அந்தத் துகள் இப்ப எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடு. காரணத்தை நிதானமா சொல்றேன், ஏன்னா நாளைக்கு நீயும் சைன் பண்ற இடத்துக்கு வருவ, அப்ப "அண்ணன் கூடாதுன்னார்"னு சொன்னா எந்த மேனேஜரும் கேக்க மாட்டான்.

அந்த 10 பர்சென்ட் கதைலேர்ந்து ஆரம்பிப்போம், இதுலதான் பாதிப் பேர் குழம்பறாங்க. கியர்பாக்ஸுக்கு ஓவர்ஹால் டைம்னு ஒண்ணு இருக்கு, டி.பி.ஓ.ங்கறோமே அது. அத்தனை மணி நேரம் ஓடினதும் கழட்டி, பிரிச்சு, பாத்து, தேய்ஞ்சதை மாத்தி, திரும்பப் போடற கணக்கு. அதுல கொஞ்சம் டாலரன்ஸ் இருக்கும், மேனுவல்லயே எழுதியிருக்கும், இல்லேன்னா கேட்டு வாங்கலாம். லைஃப் லிமிட் அந்த ஜாதியே இல்ல. அது மெயின்டனன்ஸ் மேனுவல்ல ஏர்வொர்த்தினஸ் லிமிடேஷன்ஸ்னு தனியா ஒரு பகுதியா இருக்கும், நிறைய மெஷின்ல 4ஆம் சாப்டர், அதுக்கு ரெகுலேட்டரோட அப்ரூவல் இருக்கும். மேனுவல்ல மத்த சாப்டர் எல்லாம் மெஷின் செஞ்ச கம்பெனிக்காரன் சொல்றது, இது சர்டிஃபிகேட்டோட ஒரு பாகம். அங்க ஒரு பார்ட்டுக்கு இத்தனை மணி நேரம்னு போட்டிருந்தா அந்த மணி நேரத்தோட அந்த பார்ட்டுக்குக் கதை முடிஞ்சுது, அதுக்கு மேல ஒரே ஒரு மணி நேரம் கூட்டணும்னாலும் டிசைன் பண்ண கம்பெனி புதுக் கணக்கு போட்டு ரெகுலேட்டர்கிட்ட அப்ரூவல் வாங்கி எழுத்துல தரணும். உங்க மேனேஜருக்கோ, உங்க சீஃப் இன்ஜினியருக்கோ, எனக்கோ அந்த அதிகாரம் கிடையாது.

"கிராக் இல்லயே"ங்கறார் இல்லயா, அதுக்கு வருவோம். மெயின் ரோட்டர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 350 சுத்துன்னு வச்சுக்கோ, மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஒரு சுத்துக்கு ஒரு தடவையாவது மாஸ்ட் வளைஞ்சு நிமிருது. மணிக்கு 21,000 தடவை. மேனேஜர் கேக்கற 30 மணி நேரத்துல 6 லட்சத்து 30 ஆயிரம் தடவை. "சும்மா 30 மணி நேரம்தானே"ன்னு யாராவது சொன்னா இந்தக் கணக்கை எடுத்து முன்னாடி வை.

என்.டி.டி. பாக்கறது இன்னிக்கு கிராக் இருக்கா இல்லயான்னு, அதுவும் அந்த முறைல கண்டுபிடிக்கற அளவுக்குப் பெருசா இருந்தா மட்டும். ஃபெடீக், அதாவது திரும்பத் திரும்ப லோடு வாங்கி உலோகம் களைச்சுப் போறது, அதுக்கு ரொம்ப முன்னாடியே உள்ள வேலையை ஆரம்பிச்சிருக்கும், உலோகத்துக்குள்ள சேதம் சேர்ந்துட்டே போகும், வெளிய ஒண்ணும் தெரியாது, கிராக்னு ஒண்ணு உருவானதுக்கு அப்புறம் டிரான்ஸ்மிஷன் மாதிரி மணிக்குப் பல்லாயிரம் தடவை லோடு வாங்கற இடத்துல அது வளர எவ்வளவு நேரம் எடுத்துக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனாலதான் இந்த பார்ட்டுகளுக்கு "கிராக் வந்தா மாத்து"ன்னு விதி வைக்கல, "கிராக் வர்றதுக்கு முன்னாடியே தூக்கிப் போடு"ன்னு வச்சிருக்காங்க. அந்த நம்பரும் சராசரி மாஸ்ட் எப்ப உடையும்ங்கறது இல்ல. டிசைன் பண்ண கம்பெனில சில மாஸ்ட்டுகளை ரிக்ல போட்டு உடைச்சுப் பாத்து, எத்தனை தடவைல உடையுதுங்கற கிராஃப் கோட்டை ஜாக்கிரதைக்காகக் கீழ இறக்கி, பறக்கும்போது வர்ற லோடு எல்லாத்தையும் அளந்து சேத்து, அந்த வகைலயே சோதாவா வந்த ஒரு பீஸ்கூட இதுக்குள்ள உடையக் கூடாதுன்னு போட்ட கணக்கு. அதனால லைஃப் முடிஞ்சு கழட்டற மாஸ்ட் பெரும்பாலும் பளபளன்னுதான் இருக்கும். வெளுத்ததெல்லாம் பால்னு நினைக்கறவனுக்கு இந்தத் தொழில் ஆகாது.

நான் ஹெல்ப்பரா சேர்ந்த புதுசுல லைஃப் முடிஞ்ச பினியன் (சின்ன கியர்) ஒண்ணைக் கைல குடுத்தாங்க, ஒரு கீறல் இல்ல, ஆயில்ல நனைச்சு எடுத்த மாதிரி மின்னுச்சு. ஷிஃப்ட் இன்சார்ஜ் கிரைண்டரைக் கொண்டு வந்து வச்சு பல்லு நாலஞ்சை வெட்டச் சொன்னார். எங்கப்பா ஓட்டிட்டிருந்த ஆட்டோவை விட அதிக விலை, வெட்டவே மனசு வரல, கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, கிரைண்டரை வாங்கித் தானே வெட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டார். முழுசா விட்டா எவனாவது ஒருத்தன் கார்டை மாத்தி திரும்பப் போட்டுருவான்னு அவருக்குத் தெரியும். அமெரிக்காவுல விமான ரெகுலேட்டர் எஃப்.ஏ.ஏ. 2002லயே இதுக்குன்னு தனி விதி போட்டுது, பார்ட் 43ல 10ஆவது பிரிவு: கழட்டின லைஃப் லிமிட் பார்ட் தெரியாத்தனமா இன்னொரு மெஷினுக்குப் போயிடாதபடி டேக் கட்டணும், இல்ல மார்க் பண்ணணும், இல்ல தனியாப் பூட்டி வைக்கணும், இல்ல இப்படி வெட்டி ஒழிக்கணும். மார்க் பண்ணும்போதும் பார்ட்டுக்குக் கேடு வரக் கூடாது, அதனால மாஸ்ட் மேல எலக்ட்ரிக் பென்சிலை வச்சு நம்பர் எழுதறேன்னு மட்டும் கிளம்பிடாத, அந்தக் கீறலே கிராக்குக்குப் பிள்ளையார் சுழி.

இப்ப உங்க ஸ்டோர்ஸ்ல கிடக்கற மாஸ்ட். பாதி லாக் கார்டு இல்லேன்னா அது பாதி லைஃப் தெரிஞ்ச மாஸ்ட் இல்ல, லைஃபே தெரியாத மாஸ்ட். ஃபேக்டரிலேர்ந்து வந்த நாள் முதல் எந்தெந்த மெஷின்ல எத்தனை மணி நேரம், நடுவுல ஓவர்டார்க் (அளவுக்கு மேல முறுக்கு விசை) ஆச்சா, எங்கயாவது விழுந்துதா, எல்லாம் விடுபடாம இருக்கணும். ஒரே பார்ட் நம்பர் ரெண்டு மாடல்ல போடலாம், ஆனா ரெண்டுக்கும் லிமிட் வேற வேறயா இருக்கும், கனமான மாடல்ல கொஞ்ச நாள் ஓடிட்டு வந்திருந்தா அதைக் கணக்குல எடுத்தாகணும், கார்டு இல்லாம எப்படி எடுப்ப? ரிலீஸ் சர்டிஃபிகேட் இருக்கு, நம்ம ஊர் விமான ரெகுலேட்டர் டி.ஜி.சி.ஏ.வோட சி.ஏ. ஃபார்ம் 1 இருக்குன்னு காட்டினாக்கூட அது போதாது, அந்த ஃபார்ம் பார்ட் நல்லா இருக்குன்னு சொல்லும், பிறந்ததுலேர்ந்து என்ன ஆச்சுங்கற கணக்கு தனியா வேணும்.

கணக்கு முழுசா இருந்தாலும் கண்ணை மூடிட்டு நம்பாத. நான் வேலை செஞ்ச ஒரு இடத்துல ஒரு கார்டு வந்துச்சு, பக்கம் எல்லாம் இருக்கு, முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. ஒரு பக்கத்துக் கடைசில 1,842.3, அடுத்த பக்கம் ஆரம்பத்துல 1,482.3. எட்டும் நாலும் இடம் மாறினதுல ஒரே பக்கத் திருப்புல 360 மணி நேரம் காணாமப் போச்சு, அதுக்கப்புறம் நாலு வருஷம் எல்லாரும் அந்தத் தப்பு நம்பர் மேலயே சரியா கூட்டிட்டு வந்திருக்காங்க. யாரும் ஏமாத்தல, ராத்திரி ஷிஃப்ட்ல ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான், அவ்வளவுதான். மெஷினோட லாக் புக்கைப் பக்கத்துல வச்சுத் தேதி வாரியா டேலி பண்ணப்பதான் மாட்டுச்சு. அதுலேர்ந்து எந்தக் கார்டு வந்தாலும் பக்கம் மாற்ற இடத்தைத்தான் முதல்ல பாப்பேன், நீயும் பாரு.

உன் கடிதத்துல நீயே கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. 11 மணி நேரம் பாக்கின்னு எழுதியிருக்க. கேதார்நாத் மாதிரி ஷட்டில்ல ஒரு டிரிப் பத்து நிமிஷத்துக்கும் கம்மி. கடல்ல எண்ணெய்க் கிணறுக்குப் போற மெஷின் ஒரு மணி நேரத்துல ஒரு தடவை டேக்-ஆஃப் எடுத்தா உங்க மெஷின் ஆறு, ஏழு தடவை எடுக்குது, அதுவும் ஃபுல் லோடுல, உயரத்துல, ஒவ்வொரு தடவையும் டார்க் ஏறி இறங்குது. இந்த ஏத்த இறக்கமும் ஃபெடீக்தான். அதனால சில மாஸ்ட்டுகளுக்கு மணி நேரம் மட்டும் லிமிட் இல்ல, டேக்-ஆஃப், வெளிய தொங்கவிட்டுத் தூக்கற லோடு எல்லாத்தையும் எண்ணி ஒரு நம்பரால பெருக்கற கணக்கு இருக்கும், பெல் மெஷின்கள்ல ஆர்.ஐ.என்.ம்பாங்க, அதுலயும் இதுலயும் எது முதல்ல முடியுதோ அதோட சரி. உங்க மெஷினுக்கு அப்படி ஒண்ணு இருக்கான்னு 4ஆம் சாப்டரைத் திறந்து பாரு. இருந்து, சீசன்ல யாரும் எண்ணாம விட்டிருந்தா, அந்த 11 மணி நேரம்கூட மிச்சம் இல்லாமப் போகலாம்.

நம்பருக்குள்ள இருந்தாலே நிம்மதியா இருக்கலாமான்னு கேட்டா அதுவும் இல்ல, இதுக்கு ஒரு நிஜக் கதை சொல்றேன், எங்க ஆளுங்க நடுவுல இது இன்னும் பேச்சுல அடிபடும். 2009 மார்ச் 12, கனடாவுல நியூஃபவுண்ட்லாண்ட். செயின்ட் ஜான்ஸ்லேர்ந்து எண்ணெய்க் கிணறுக்குக் கிளம்பின சிக்கோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டர், ஃப்ளைட் பேர் கூகர் 491. உள்ள 18 பேர். வழில மெயின் கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர் போச்சு, 11 நிமிஷத்துல கடல்ல. 17 பேர் செத்துட்டாங்க, ஒரே ஒருத்தர் பிழைச்சார். உடைஞ்சது என்னன்னு பாத்தா ஆயில் ஃபில்டர் கிண்ணத்தைப் பிடிச்சு வைக்கற டைட்டானியம் ஸ்டட். மொத்தமே மூணு ஸ்டட். அந்த ஃபில்டரை நினைச்சதை விட அடிக்கடி மாத்த வேண்டி வந்துது, ஒவ்வொரு தடவை நட்டைக் கழட்டி மாட்டும்போதும் டைட்டானியம் மரை உரசி இழுபட்டுது, பழைய நட்டையே திரும்பத் திரும்பப் போட்டாங்க. அதனால டார்க் ரெஞ்ச்ல நம்பர் சரியாக் காட்டுது, ஆனா ஸ்டட்டுக்குள்ள உண்மைல ஏற வேண்டிய இழுவிசை ஏறல. இறுக்கம் கம்மியானா ஆட்டம் முழுக்க ஸ்டட் தலைல விழும், ஒண்ணு கிராக் ஆகி, அதோட சுமை அடுத்ததுக்குப் போய், அதுவும் போச்சு. ஆயில் முழுக்க வெளிய, டெய்ல் ரோட்டரை ஓட்டற கியரோட பல்லு மழிஞ்சு போச்சு.

கொடுமை என்னன்னா இது முன்னாடியே தெரிஞ்ச விஷயம். 2008 ஜூலைல ஆஸ்திரேலியாவுல ப்ரூம் பக்கம் இன்னொரு எஸ்-92ல இதே ஸ்டட் போச்சு, கரை பக்கத்துல இருந்ததால இறக்கித் தப்பிச்சாங்க. அதுக்கப்புறம் 2009 ஜனவரில கம்பெனி புல்லட்டின் விட்டுது, டைட்டானியத்தை எடுத்துட்டு ஸ்டீல் ஸ்டட் போடு, 1,250 மணி நேரத்துக்குள்ள இல்ல ஒரு வருஷத்துக்குள்ளன்னு. கூகர் மெஷின் விழுந்தப்ப அந்தக் கெடு முடியல. பேப்பர்ல எல்லாம் சரி. விபத்து நடந்து 11ஆம் நாள் எஃப்.ஏ.ஏ. எமர்ஜென்சி ஏ.டி. (கட்டாய உத்தரவு) விட்டுது, அடுத்த ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஸ்டீல் ஸ்டட் போட்டாகணும்னு. ஒரு வருஷம்னு இருந்தது ஒரே ராத்திரில பூஜ்யம் ஆச்சு. அதனால புல்லட்டின்ல ஒரு கெடு பாத்தா அதை "அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னு படிக்காத. அத்தனை மெஷினுக்கும் பார்ட் தயார் பண்ணிக் குடுக்க கம்பெனிக்கு எவ்வளவு நாள் ஆகும்ங்கற கணக்கும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், இது என் அபிப்பிராயம், ஆனா முப்பது வருஷமா புல்லட்டின் படிச்சு வந்த அபிப்பிராயம்.

அதனால புது மாஸ்ட் வந்து மாத்தும்போது நட்டு, லாக் வாஷர், பேக்கிங் எதெது புதுசு போடணும்னு எழுதியிருக்கோ அத்தனையும் புதுசு போடு. "ஒரு தடவைதானே போட்டது"ன்னு பழசைக் கைல எடுக்காத. மரை பிடிக்கற மாதிரி இருந்தா இன்னும் கொஞ்சம் அழுத்தி டார்க் வைக்காம நிறுத்திட்டு கழட்டிப் பாரு. ஒரு சின்ன நசுங்கல், கீறல் தெரிஞ்சா எமரி பேப்பரை எடுக்காத, எங்க எவ்வளவு தேய்க்கலாம்னு மேனுவல்ல அளவு இருக்கும், அந்த அளவுக்கு மேல இருந்தா பார்ட் ஸ்க்ராப். ரெண்டாவது ஆள் இன்ஸ்பெக்ஷன் கேட்டிருக்கற இடத்துல, கூட நின்னு ஸ்பேனர் பிடிச்சவனையே ரெண்டாவது ஆளாக் காட்டக் கூடாது. இத்தனை மணி நேரம் கழிச்சு டார்க் செக்னு போட்டிருந்தா சீசன்லயும் மெஷினை நிறுத்தித்தான் ஆகணும், இதை இப்பவே பிளான்ல எழுதி வைக்கச் சொல்லு.

சிப் லைட்டுக்கு வர்றேன், உண்மையச் சொல்லணும்னா உன் கடிதத்துல எனக்கு வயித்தைக் கலக்கினது மாஸ்ட் இல்ல, இந்தத் துகள்தான்.

2009 ஏப்ரல் 1, ஸ்காட்லாந்து, பீட்டர்ஹெட் பக்கம் கடல்ல ஒரு சூப்பர் ப்யூமா எல்2 விழுந்துது, 16 பேரும் போயிட்டாங்க. மெயின் கியர்பாக்ஸ் மேல எபிசைக்ளிக் பகுதில இருக்கற ரெண்டாம் ஸ்டேஜ் பிளானட் கியர் (நடு கியரைச் சுத்தி வர்ற சின்ன கியர்) ஒண்ணு ஃபெடீக்ல உடைஞ்சு, ரோட்டரே தனியாப் பிரிஞ்சுது. ஒரு வாரம் முன்னாடி, மார்ச் 25, அந்த கியர்பாக்ஸோட சிப் டிடெக்டர்ல ஒரு துகள் கிடைச்சிருந்துது. ஒண்ணே ஒண்ணு. ஆபரேட்டருக்கும் கம்பெனிக்கும் நடுவுல போன், மெயில் எல்லாம் ஓடுச்சு, ஆனா அது பிளானட் கியர் பேரறதோட அறிகுறின்னு யாருக்கும் புரியல. அதுக்கப்புறம் வேற துகள் எதுவும் டிடெக்டர்ல காட்டல. இன்னொண்ணு, அந்த கியர்பாக்ஸுக்குள்ள ஒரு காந்த வளையம் வச்சிருந்தாங்க, மேலேர்ந்து விழற துகள் கீழ மெயின் பகுதிக்குள்ள போகாம பிடிக்கறதுக்கு. நல்ல எண்ணத்துல வச்சதுதான், ஆனா அது துகளைப் பிடிச்சு வச்சுக்கிட்டா கீழ இருக்கற டிடெக்டருக்கு என்ன போய்ச் சேரும்? அப்புறம் அதை எடுத்துட்டாங்க.

ஏழு வருஷம் கழிச்சு, 2016 ஏப்ரல் 29, நார்வேல டூரோய் தீவு. அதே குடும்பத்து ஈ.சி.225, குல்ஃபாக்ஸ் பி-லேர்ந்து பெர்கனுக்குத் திரும்பிட்டிருந்துது, 13 பேர். அதே ரெண்டாம் ஸ்டேஜ் பிளானட் கியர், லைஃப் லிமிட்டுக்கு ரொம்ப முன்னாடியே உடைஞ்சுது. இந்த தடவை கிராக் பேரிங் பரப்புல இருந்த ஒரு நுண்ணிய குழிலேர்ந்து கிளம்பி, பரப்புக்கு அடியிலயே வளர்ந்து போச்சு, எந்த வார்னிங்கும் வர்ற அளவுக்குத் துகள் உதிரல. அந்த கியர்பாக்ஸ் அதுக்கு முன்னாடி லாரில போகும்போது ஒரு ரோடு ஆக்சிடென்ட்ல மாட்டி, ரிப்பேர் ஆகி வந்தது, ஆனா அதுக்கும் கிராக்குக்கும் முடிச்சுப் போடற தடயம் விசாரணைல கிடைக்கல. நார்வே விசாரணைக்காரங்க இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க, எனக்கு அதுதான் உறைச்சுது: இந்த பிளானட் கியர்கள்ல ரொம்பக் கொஞ்சம்தான் லைஃப் லிமிட் வரைக்கும் ஓடியே இருக்கு, மிச்சமெல்லாம் ஓவர்ஹால்லயே ரிஜெக்ட் ஆயிட்டே இருந்திருக்கு, ஏன் ரிஜெக்ட் ஆகுதுன்னு கழட்டின பீஸை எடுத்து வச்சு யாரும் முறையா ஆராயல. விபத்துக்கு அப்புறம் ஐரோப்பிய ரெகுலேட்டர் ஈ.ஏ.எஸ்.ஏ. பறக்கறதை நிறுத்தி, அக்டோபர்ல திரும்ப விடும்போது ரெண்டு டிசைன்ல அழுத்தம் கம்மியா வாங்கற கியரை மட்டும் அனுமதிச்சு, மாத்தற நேரத்தைக் குறைச்சு, துகள் சோதனையை இறுக்கிப் பிடிச்சாங்க.

இப்பப் புரியுதா ஏன் துடைச்சுட்டு மூடினதுக்கு நான் பதர்றேன்னு. வேஸ்ட் துணில துடைக்கறது அழுக்கை இல்ல, ஒரே சாட்சியை. டிடெக்டர்ல வர்ற பசை மாதிரி கருப்பு மாவு வேற, அது ஓடற கியர்பாக்ஸ்ல வரும். தட்டையா, செதில் மாதிரி, ஒரு பக்கம் பளபளப்பா இருந்தா அது ஏதோ ஒரு பரப்புலேர்ந்து பேர்ந்து வந்தது. அதை எடுத்து டேப்ல ஒட்டி, தேதி, மெஷின் மணி நேரம், எந்த டிடெக்டர்ங்கறதை எழுதி, அளவை அளந்து, எத்தனைன்னு எண்ணி, மேனுவல்ல இருக்கற லிமிட்டோட ஒப்பிட்டு, எந்த உலோகம்னு லேபுக்கு அனுப்பி, ஃபில்டரையும் திறந்து பாத்து, அப்புறம்தான் ஓட்டலாமா வேணாமாங்கற பேச்சு. உங்க மெஷின்ல துகள் போயே போச்சுன்னா ஃபில்டர் இருக்கு, ஆயில் இருக்கு. ரெண்டையும் பாக்கச் சொல்லு. போன மாசத்துக்கு முன்னாடி எத்தனை தடவை அந்த லைட் வந்துதுன்னு டெக் லாக்கைத் திருப்பிப் பாரு, ஒரு தடவைதான்னு எல்லாரும் சொல்வாங்க, புஸ்தகத்துல மூணு இருக்கும்.

நீ என்ன பண்ணணும்னு கேட்ட இல்ல. சண்டை போடாத. மேனேஜர்கிட்ட போய், "சார், 30 மணி நேரம் கூட்டறதுக்கு மேனுவல் ரெஃபரன்ஸ் என்ன, வொர்க் ஆர்டர்ல எழுதிக் குடுங்க, பண்ணிடறேன்"னு பணிவாக் கேளு. வாட்ஸப்ல வர்றது ரெஃபரன்ஸ் இல்ல. பத்துக்கு ஒம்பது தடவை அங்கயே முடிஞ்சுடும், ஏன்னா எழுதிக் குடுக்க யாருக்கும் கை வராது. முடியலேன்னா மெஷினுக்கு சைன் பண்ற இன்ஜினியர்கிட்ட தனியா சொல்லு, லைசென்ஸ் அவரோடது, அவருக்கு உன்னை விட பயம் இருக்கும். உங்க காமோ (மெயின்டனன்ஸ் கணக்கைக் கவனிக்கற) ஆபீஸ்ல ஃபோர்காஸ்ட் ஷீட் வச்சிருக்கறவர்கிட்ட அந்த மாஸ்ட் எந்தத் தேதில முடியுதுன்னு மெயில்ல கேளு, பதிலும் மெயில்ல வரும். அப்புறம் சேஃப்டி மேனேஜர். அதுக்கும் அசையலேன்னா டி.ஜி.சி.ஏ.வுக்கு தானா முன்வந்து ரிப்போர்ட் பண்ற வழி இருக்கு. வேலை போயிடுமோன்னு பயம் இருக்கும், இல்லேன்னு சொல்ல மாட்டேன், என்கிட்டயும் ஒரு தடவை ஒரு இடத்துல ரெண்டு மாசம் யாரும் மூஞ்சி குடுத்துப் பேசல, டியூட்டி எல்லாம் ராத்திரிலயே போட்டாங்க.

மெஷின் நிக்கும், மூணு வாரம் சீசன் வருமானம் போகும், அதுவும் உண்மைதான். ஆனா இந்த மாஸ்ட் முடியப் போகுதுன்னு ஃபோர்காஸ்ட் ஷீட்ல ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும், ஆர்டர் போடாம விட்டது உன் தப்பு இல்ல, அதை உன் ஸ்பேனர் தலைல கட்டப் பாக்கறாங்க.

ஆர்.ஐ.என். கணக்கு போட்டுப் பாத்துட்டு என்ன வந்துதுன்னு எழுது. லாக் கார்டு பக்கங்களை அனுப்பறதா இருந்தா சீரியல் நம்பரை மறைச்சுட்டு அனுப்பு, பக்கம் மாற்ற இடம் மட்டும் தெளிவாத் தெரியணும்.